சிமெண்ட் மிக்ஸரில் மோட்டார் மாற்றுவது: முதல்முறை கை வைப்பவர்களுக்கு

சுவிட்சைப் போட்டதும் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல். டிரம் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் வார்னிஷ் கருகுகிற வாசம். பக்கத்தில் நிற்பவர் யாராவது “மோட்டார் போச்சு” என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். அந்தத் தீர்ப்பை உடனே நம்பிவிடாதீர்கள். நான் முதன்முதலில் மோட்டார் மாற்றிய மிக்ஸரில் பழைய மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை. டிரம்மைச் சுற்றியிருக்கும் பல்சக்கரமான ரிங் கியரின் இரண்டு பற்களுக்கு நடுவே சுண்டுவிரல் நுனி அளவுக்குக் காய்ந்த கலவை இறுகிக் கிடந்தது. புது மோட்டாரைப் பூட்டி, பெல்ட் மாட்டி, சுவிட்ச் போட்டபோது அதே முனகல் கேட்டது. அப்புறம்தான் குனிந்து பார்த்தேன்.

இங்கே நான் சொல்வது சாய்த்துக் கொட்டும் டிரம் உள்ள சிறிய மிக்ஸர்களைப் பற்றி. மோட்டார் ஷாஃப்ட்டில் ஒரு சின்னப் புல்லி, அதிலிருந்து பெல்ட் வழியாக ஒரு பெரிய புல்லி, அந்தப் பெரிய புல்லியின் ஷாஃப்ட் முனையில் பினியன் என்கிற ஒரு சின்னப் பல்சக்கரம், அது டிரம்மைச் சுற்றியிருக்கும் ரிங் கியரைத் தள்ளும். பெரும்பாலும் சிங்கிள் பேஸ், கிளம்ப உதவும் கெப்பாசிட்டர் வைத்த மோட்டார். மோட்டாரும் கியர் பாக்ஸும் ஒரே துண்டாக வரும் வகையில் மாற்றுவதற்கு அதிகம் இல்லை; அதே மாடல் துண்டை வாங்கிப் பூட்டினால் ஆயிற்று.

மோட்டார்தானா?

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. பிடுங்கிய பிளக் வேலை முடியும் வரை உங்கள் கண்ணுக்கு எதிரிலேயே கிடக்கட்டும்.

முதலில் டிரம்மைக் கையால் சுற்றுங்கள். ஒரு முழுச் சுற்று இறுக்கமில்லாமல் வர வேண்டும். எங்காவது பிடித்தால் ரிங் கியர், பினியன், பேரிங் ஆகியவற்றைப் பாருங்கள். அடுத்து பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டார் ஷாஃப்ட்டை மட்டும் விரலால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று இருந்தாலோ மேலும் கீழும் ஆடினாலோ பேரிங் தேய்ந்திருக்கிறது. பேரிங் மட்டும் மாற்றினால் அந்த மோட்டார் இன்னும் பல நாள் ஓடும்.

பெல்ட் இல்லாமல், பிளக்கைக் கொஞ்சம் மாட்டிச் சுவிட்ச் போட்டும் வெறும் முனகல்தான் என்றால் முதல் சந்தேகம் கெப்பாசிட்டர் மேல். உடனே அணைத்துப் பிளக்கை மறுபடி பிடுங்கிவிடுங்கள், முனகிக்கொண்டே நிற்கும் ஒவ்வொரு வினாடியும் வைண்டிங், அதாவது மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று, சூடாகிறது. இந்த நேரத்தில் ஷாஃப்ட்டைக் கையால் சுண்டிவிட்டு, ஓடுகிறதா என்று பார்க்கும் பழக்கம் பலரிடம் உண்டு. ஓடத்தான் செய்யும், கூடவே விரலையும் சட்டைக் கையையும் இழுத்துக்கொண்டு ஓடும். வேண்டாம், மீட்டர் வைத்து அளந்தால் போதும்.

கெப்பாசிட்டரைத் தொடும் முன் அதில் தங்கியிருக்கும் மின்சாரத்தை இறக்க வேண்டும். இரு முனைகளையும் ஸ்க்ரூ டிரைவரால் பட்டென்று சேர்த்துப் பொறி பறக்க வைப்பது கெப்பாசிட்டருக்கும் கேடு, கண்ணுக்கும் கேடு. பழைய குண்டு பல்பு ஒன்றை ஹோல்டரில் மாட்டி, அதன் இரண்டு வயர்களையும் கெப்பாசிட்டர் முனைகளில் சில வினாடி வைத்தால் அமைதியாக இறங்கிவிடும். பிறகு ஒரு முனையிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, கெப்பாசிட்டர் அளக்கும் வசதியுள்ள மல்டிமீட்டரால் பாருங்கள். மேலே 20 மைக்ரோ ஃபாரட் என்று போட்டிருந்து மீட்டர் 18-க்கும் கீழே காட்டினால் அதை மாற்றிவிட்டு மீண்டும் ஓட்டிப் பாருங்கள். பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும். வயிறு உப்பிய கெப்பாசிட்டரை அளக்கவே தேவையில்லை.

கெப்பாசிட்டர் நன்றாக இருந்தால் வைண்டிங். மோட்டார் சூடாக இருக்கும்போது அளக்காதீர்கள். உள்ளே தெர்மல் கட்-அவுட் (சூடு ஏறினால் இணைப்பைத் துண்டிக்கும் சின்னச் சுவிட்ச்) இருந்தால் சூட்டில் அது திறந்தே இருக்கும், நீங்கள் வைண்டிங் அறுந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். அரை மணி நேரம் ஆறட்டும். மோட்டாரிலிருந்து மூன்று வயர்கள் வந்தால் இரண்டிரண்டாக மூன்று தடவை ஓம் பாருங்கள். மூன்றில் பெரிய எண், மற்ற இரண்டின் கூட்டுத்தொகைக்கு ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஏதாவது ஒரு ஜோடி அளவே காட்டாவிட்டால் வைண்டிங் அறுந்திருக்கிறது. எந்த வயருக்கும் மோட்டாரின் உலோக உடலுக்கும் இடையே தொடர்பு காட்டினால் பாடி ஷார்ட். டிரிப்பர் (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி விழுகிறது, ஆனால் மல்டிமீட்டரில் ஒன்றும் தெரியவில்லை என்றால், 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். ஒரு மெகா ஓமுக்கும் கீழே இருந்தால் அந்த மோட்டாரை ஓட்டக் கூடாது. மழையில் நனைந்து கிடந்த மோட்டார் என்றால் மட்டும், நன்றாகக் காயவைத்து இன்னொரு தடவை அளந்த பிறகு முடிவு செய்யுங்கள்.

வைண்டிங் கருகியது உறுதியானால் ரீவைண்டிங்கா (பழைய மோட்டாரிலேயே கம்பியைப் புதிதாகச் சுற்றுவது), புது மோட்டாரா? மிக்ஸருக்கென்றே செய்த, வேறெதிலும் பொருந்தாத வடிவ மோட்டார் என்றால் ரீவைண்டிங் நல்ல வழி. போல்ட் துளை, ஷாஃப்ட், புல்லி எதுவும் மாறாது. சாதாரண மோட்டார் என்றால் புதிது வாங்கலாம் என்பது என் கருத்து.

எதனால் எரிந்தது?

இதைக் கண்டுபிடிக்காமல் புதிது பூட்டினால் அதுவும் அதே வழியில் போகும். என் அனுபவத்தில் அடிக்கடி மாட்டும் குற்றவாளி எக்ஸ்டென்ஷன் வயர். ஒரு சதுர மி.மீ. வயரில் 50 மீட்டர் இழுத்து மிக்ஸர் ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். மின்சாரம் போய்வர 100 மீட்டர் செம்பு; அதன் தடை சுமார் 1.7 ஓம். 5 ஆம்பியரில் ஓடும்போது எட்டரை வோல்ட்தான் இழப்பு, தெரியவே தெரியாது. ஆனால் கிளம்பும் அந்த நொடியில் மோட்டார் ஐந்து மடங்கு போல இழுக்கும். 25 ஆம்பியரில் 43 வோல்ட் வயரிலேயே காணாமல் போகும். 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 187. மோட்டாரின் முறுக்கு விசை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப இறங்கும் என்பதால், கிளம்பும் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. டிரம்மில் கலவை இருந்தால் அவ்வளவுதான், முனகி முனகியே எரியும். தூரத்துக்கு 2.5 சதுர மி.மீ. வயர் போடுங்கள். ரீலில் சுற்றி வந்ததை முழுவதும் அவிழ்த்து விரித்துப் போடுங்கள். சுற்றியபடியே ஓட்டினால் வயர் உள்ளுக்குள் வெந்துவிடும்.

மற்ற காரணங்கள்: விசிறி மூடியின் துளைகளைச் சிமெண்ட் தூசி அடைத்திருப்பது, கழுவும்போது மோட்டார் மேலேயே தண்ணீரைப் பீய்ச்சியது, கலவை நிரம்பிய டிரம்மோடு ஸ்டார்ட் செய்தது. கடைசியாகச் சொன்னது எல்லோரும் செய்வது. கரண்ட் போய் வந்தால் டிரம்மைக் கவிழ்த்துக் காலி செய்துவிட்டுத்தான் மறுபடி ஓட்ட வேண்டும்.

வாங்கும் முன்

பூட்டுவது அரை நாள் வேலை. அதன் கஷ்டமும் சுகமும் கடையில் எதை வாங்கினீர்கள் என்பதில் இருக்கிறது. பழைய மோட்டாரின் நேம் பிளேட்டைத் துடைத்து ஃபோட்டோ எடுங்கள். சிமெண்ட் படிந்து எழுத்து தெரியாவிட்டால் கம்பி பிரஷ் போடாதீர்கள், எழுத்தும் சேர்ந்து போய்விடும். வினிகரில் நனைத்த துணியைச் சிறிது நேரம் மேலே வைத்துத் துடைத்தால் சிமெண்ட் இளகும்.

முதலில் பார்க்க வேண்டியது வேகம், ஆர்.பி.எம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு போல் (காந்த முனை) உள்ள மோட்டார் 1400 முதல் 1440 வரை சுற்றும், இரண்டு போல் மோட்டார் 2800 பக்கம். இரண்டுக்கும் ஒரே வாட்ஸ் இருக்கலாம், பார்வைக்கும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். ஒரு கணக்குப் போடுவோம். மோட்டார் 1400, சின்னப் புல்லி 30 மி.மீ., பெரிய புல்லி 180 மி.மீ. என்றால் வேகம் ஆறில் ஒன்றாகி 233. பினியனில் 12 பல், ரிங் கியரில் 108 பல் என்றால் அதுவும் ஒன்பதில் ஒன்றாகி டிரம் நிமிடத்துக்கு 26 சுற்று. கலவை மேலே ஏறி, சரிந்து, புரண்டு விழ இது சரியான வேகம். இதே மிக்ஸரில் 2800 மோட்டாரைப் பூட்டினால் 52 சுற்று. 60 செ.மீ. குறுக்களவுள்ள டிரம்மில் 54, 55 சுற்றுக்குப் போனால் ஜல்லி கீழே விழாமல் சுவரோடு ஒட்டியே சுற்ற ஆரம்பிக்கும். அதாவது 52-ல் அது கலவை மெஷின் இல்லை, ராட்டினம். பெல்ட்டும் கியரும் படும் பாடு தனி.

அடுத்தது பவர். இங்கே ஒரு குழி இருக்கிறது. சில நேம் பிளேட்டில் எழுதியிருப்பது மோட்டார் உறிஞ்சும் வாட்ஸ். சிலவற்றில் ஷாஃப்ட்டில் கொடுக்கும் வாட்ஸ். எது என்று கண்டுபிடிக்க, அதிலேயே இருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குங்கள். 230 வோல்ட், 3.2 ஆம்பியர் என்றால் 736. பிளேட்டில் 700 வாட்ஸ் என்று இருந்தால் அது உறிஞ்சும் அளவு. ஷாஃப்ட்டுக்கு வருவது 500-ஐத் தொடுவதே கஷ்டம். பிளேட்டில் 450 என்று இருந்தால் அதுவே ஷாஃப்ட்டில் கிடைப்பது. ஒன்றை இன்னொன்றாக நினைத்து வாங்கினால், எண் பொருந்தியும் பலம் பொருந்தாது. ஹெச்.பி.யில் எழுதியிருந்தால் அது ஷாஃப்ட் கணக்குத்தான், ஒரு ஹெச்.பி. 746 வாட்ஸ். கொஞ்சம் கூடுதல் பலம் வாங்கினால் தப்பில்லை. இரண்டு மடங்கு வாங்காதீர்கள். கல் சிக்கினால் மோட்டார் நிற்பதற்குப் பதில் கியரின் பல் உடையும்.

பிளேட்டில் எஸ்1, எஸ்6 என்று ஏதாவது இருக்கும். எஸ்1 என்றால் முழுப் பளுவில் இடைவிடாமல் ஓடத் தாங்கும். எஸ்6 40% என்றால் பத்து நிமிடத்தில் நான்கு நிமிடம் பளுவோடும் மீதி பளுவில்லாமலும் ஓட வேண்டிய மோட்டார். நாள் முழுக்கத் தொடர்ந்து ஓட்டுபவர் எஸ்1 வாங்கட்டும். தண்ணீர், தூசிப் பாதுகாப்பைச் சொல்லும் ஐபி எண் குறைந்தது 44. 55 கிடைத்தால் இன்னும் நல்லது. மேலே துளை விட்ட, பட்டறைக்குள் வைக்கும் திறந்த மோட்டார் இந்த வேலைக்கு ஆகாது.

கடைசியாக உடம்பு அளவு. பொதுவான மோட்டார்களில் ஃபிரேம் எண் என்பது, காலடியிலிருந்து ஷாஃப்ட் மையம் வரை உள்ள உயரம், மி.மீ. கணக்கில். 71 ஃபிரேமில் ஷாஃப்ட் 14 மி.மீ., 80 ஃபிரேமில் 19, 90-ல் 24. உங்கள் மிக்ஸர் மோட்டார் காலில் நிற்கிறதா, முகத்தில் போல்ட் போட்டு நிற்கிறதா, போல்ட் துளைகளின் இடைவெளி எவ்வளவு, ஷாஃப்ட் எவ்வளவு நீண்டிருக்கிறது, உறைக்குள் எவ்வளவு இடம் என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அதைவிட நல்லது பழைய மோட்டாரையே தூக்கிக்கொண்டு போய்விடுவது. ஷாஃப்ட் தடிமன் மாறினால் புல்லித் துளையை லேத்தில் பெரிதாக்கி, சாவி (புல்லி ஷாஃப்ட்டில் நழுவாமல் பிடிக்கும் சின்ன உலோகத் துண்டு) உட்காரும் பள்ளம் வெட்டலாம், அல்லது இடைவெளியை அடைக்கும் புஷ் போடலாம். தகரத்தைச் சுற்றி அடித்து இறுக்கும் வேலை ஒரு வாரம் தாங்காது.

கெப்பாசிட்டர் மோட்டாரைச் சேர்ந்தது, மிக்ஸரைச் சேர்ந்தது அல்ல. பழையது நன்றாக இருக்கிறதே என்று புது மோட்டாரில் மாட்டாதீர்கள். புதியதன் பிளேட்டில் எத்தனை மைக்ரோ ஃபாரட் என்று போட்டிருக்கிறதோ அதுதான்.

கழற்றுவது

டிரம்மைக் கவிழ்த்து நிறுத்தி, ஆடாமல் கட்டை வையுங்கள். உறையைத் திறந்ததும் எதையும் தொடாமல் ஃபோட்டோ எடுங்கள்: வயர் இணைப்பு, பெல்ட் எந்த வரியில் ஓடுகிறது, வாஷர் எந்தப் பக்கம். பெல்ட் தளர்ந்திருந்தாலோ வெடிப்பு விட்டிருந்தாலோ அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

மோட்டார் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பதைக் குறித்துக்கொள்ள மறந்துவிடுவார்கள். டிரம் மேல் அம்புக்குறி இருக்கும். பெல்ட்டில் இணைந்த இரண்டு புல்லிகளும் ஒரே திசையில் சுற்றும். பினியனும் வெளிப்பல் ரிங் கியரும் எதிரெதிர்த் திசையில் சுற்றும். ஆக, ஒரே பக்கம் நின்று பார்த்தால் மோட்டார் டிரம்முக்கு எதிர்த் திசை. மார்க்கர் பேனாவால் உறையிலேயே அம்பு போட்டுவிடுங்கள்.

புல்லிதான் பொறுமையைச் சோதிக்கும். சிலவற்றில் முனையில் சர்க்ளிப் (ஸ்பிரிங் வளையம்), சிலவற்றில் பக்கவாட்டில் கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத, துளைக்குள்ளேயே இறங்கும் ஸ்க்ரூ). அந்தக் கிரப் ஸ்க்ரூவின் துளைக்குள் சிமெண்ட் போய் அடைத்திருக்கும், ஸ்க்ரூ இருப்பதே தெரியாது. ஒரு ஆணி நுனியால் சுரண்டினால் ஆறுபக்கக் குழி மெல்ல வெளியே வரும். முழுவதும் சுரண்டி எடுத்த பிறகே ஆலன் கீயை விடுங்கள், அரைகுறையாக விட்டால் குழி உருண்டுவிடும். துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். பிறகு மூன்று கால் புல்லரால் இழுங்கள். சுத்தியலால் தட்டினால் பழைய மோட்டாருக்கு ஒன்றும் இல்லை, அது போகப்போவதுதான். ஆனால் வார்ப்பு இரும்புப் புல்லி உடைந்தால் அதே அளவில் இன்னொன்று தேட வேண்டிவரும்.

பூட்டுவது

ஷாஃப்ட்டில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, சாவியை அதன் பள்ளத்தில் வைத்து, புல்லியைத் தள்ளுங்கள். இறுக்கமாக இருந்தால் ஷாஃப்ட் முனையில் உள்ள மரைத் துளையில் ஒரு போல்ட்டும் தடித்த வாஷரும் போட்டு, போல்ட்டை முறுக்கி உள்ளே இழுக்கலாம். சுத்தியல் அடி இங்கே நேராகப் புது பேரிங்கில் விழும்.

நான்கு போல்ட்டையும் கையால் மட்டும் பூட்டி மோட்டாரை நிறுத்துங்கள். ஒரு நேரான இரும்புப் பட்டையை இரண்டு புல்லிகளின் முகத்திலும் சேர்த்து வையுங்கள். பட்டை நான்கு இடத்திலும் தொட வேண்டும். ஓரிடத்தில் வெளிச்சம் தெரிந்தால் புல்லியை நகர்த்துங்கள் அல்லது மோட்டார் காலடியில் தகடு கொடுங்கள். பல வரிகள் உள்ள தட்டையான பெல்ட் என்றால் ஒரு வரி தள்ளி உட்கார்ந்தாலே ஓரம் பிய்ந்துவிடும்.

பெல்ட்டின் இழுவைக்கு ஒரு பழைய கணக்கு: புல்லிகளுக்கு நடுவே உள்ள நீளத்தில் ஒவ்வொரு 100 மி.மீ.க்கும் ஒன்றரை மி.மீ. அளவு அமுங்க வேண்டும். நடுவே 300 மி.மீ. இருந்தால் கட்டை விரலால் அழுத்தும்போது ஐந்து மி.மீ. பக்கம். வீணைத் தந்தி போல இறுக்கினால் பேரிங் போகும். இழுவை சரியானதும் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி இறுக்குங்கள், ஸ்பிரிங் வாஷரோடு.

வயர்

கேபிளை கிளாண்ட் (பெட்டி வாயிலில் கேபிளை இறுக்கிப் பிடிக்கும் நட்டு) வழியாக மட்டும் உள்ளே விடுங்கள். இழுத்தால் கிளாண்ட் பிடிக்க வேண்டும், டெர்மினல் இழுபடக் கூடாது. பெட்டியில் நுழையும் இடத்துக்கு முன் கேபிள் ஒரு வளைவாகக் கீழே தொங்கட்டும், தண்ணீர் அங்கே சொட்டிவிடும். பச்சை மஞ்சள் எர்த் வயர் மற்றவற்றைவிட நீளமாக இருக்கட்டும். எப்போதாவது கேபிள் பிடுங்கப்பட்டால் கடைசியாக அறுவது அதுவாகத்தான் இருக்க வேண்டும். மோட்டார் உடலில் எர்த் பூட்டும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி உலோகம் தெரிய வைத்துவிட்டுப் பூட்டுங்கள். பூட்டிய பின் பிளக்கின் எர்த் பின்னுக்கும் டிரம் சட்டத்துக்கும் இடையே ஓம் பாருங்கள். ஒன்றுக்கும் கீழே இருக்க வேண்டும்.

மோட்டார் மூடியின் உள்பக்கத்தில் இணைப்புப் படம் ஒட்டியிருக்கும். திசை மாற்ற பித்தளைத் துண்டுகளை எந்த டெர்மினலிலிருந்து எதற்கு மாற்ற வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். சிங்கிள் பேஸில் பிளக்கின் பேஸையும் நியூட்ரலையும் மாற்றினால் திசை மாறாது. ஸ்டார்ட்டிங் வைண்டிங்கின் இரு முனைகளை மாற்ற வேண்டும். மூன்று பேஸ் மோட்டாரில் ஏதாவது இரண்டு பேஸை மாற்றினால் போதும், ஆனால் மூன்று பேஸ் வேலையை முதல்முறை செய்பவர் தனியாகச் செய்ய வேண்டாம்.

சுவிட்ச் பற்றி ஒரு வார்த்தை. மின்சாரம் போய் வந்தால் தானாக ஓடாமல், மறுபடி பச்சைப் பொத்தானை அழுத்தினால் மட்டுமே ஓடும் வகை சுவிட்ச்தான் மிக்ஸரில் இருக்க வேண்டும். டிரம்முக்குள் கைவிட்டுச் சுரண்டிக்கொண்டிருப்பவரைக் காப்பது அதுதான். அது பழுதானதும் சாதாரண விளக்கு சுவிட்சை வைத்து ஓட்டும் மிக்ஸர்களைப் பார்த்திருக்கிறேன். மோட்டாருக்குச் செலவழிக்கும்போதே இதையும் மாற்றிவிடுங்கள். மின்சாரம் எடுக்கும் இடத்தில் 30 மில்லி ஆம்பியர் டிரிப்பரும் இருக்கட்டும்.

ஓட்டிப் பார்ப்பது

முதலில் பெல்ட் இல்லாமல். திசை சரியா, சத்தம் சீராக இருக்கிறதா என்று ஐந்து நிமிடம் ஓடட்டும். கிளாம்ப் மீட்டர் (வயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் மீட்டர்) இருந்தால் ஒரு வயரை மட்டும் உள்ளே விட்டுப் பாருங்கள். சிங்கிள் பேஸ் கெப்பாசிட்டர் மோட்டார் சும்மா ஓடும்போதே பிளேட்டில் போட்டிருக்கும் ஆம்பியரில் பெரும் பகுதியை இழுக்கும்; அதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். பிறகு பிளக்கைப் பிடுங்கி, பெல்ட் மாட்டி, உறையைப் பூட்டி, காலி டிரம்மோடு பத்து நிமிடம். அப்புறம்தான் கலவை: டிரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே முதலில் கொஞ்சம் தண்ணீர், பின் ஜல்லி, மணல், சிமெண்ட். முழுப் பளுவில் ஆம்பியர் பிளேட் எண்ணைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஒன்று கலவை அதிகம், இல்லை கியர் எங்கோ பிடிக்கிறது.

ரிங் கியருக்குக் கிரீஸ் பூசலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். திறந்த ரிங் கியர் உள்ள பல சிறிய மிக்ஸர்களில் பூசக் கூடாது. கிரீஸில் மணலும் சிமெண்டும் ஒட்டி, பற்களைத் தேய்க்கும் அரைப்புப் பசையாகிவிடும். காய்ந்த பிரஷால் சுத்தமாக வைத்தாலே போதும்.

முதல் நாள் வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மோட்டார் போல்ட்டுகளை ஒரு தடவை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். எப்படியும் ஒன்றாவது கால் சுற்று இறங்கும். புது பெல்ட் என்றால் அதுவும் கொஞ்சம் தளர்ந்திருக்கும், அப்போதே இழுத்துவிடுங்கள். கழுவும்போது மோட்டார் உறை மேல் குழாயைத் திருப்பாமல், டிரம்முக்குள் இரண்டு வாளி தண்ணீரும் ஒரு கை ஜல்லியும் போட்டு ஓடவிடுங்கள். ஜல்லியே உள்ளே ஒட்டியதைத் தேய்த்து எடுத்துவிடும்.